எதிரி அசையக் கூடாது

மீட்பதற்கு ஆளில்லாமல் போனதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

சிங்காநல்லூருக்குக் கிழக்கே வாய்க்கால் கரையை ஒட்டிப் பள்ளத்து வீதி என்று ஒன்று இருந்தது. எல்லாம் ஓட்டு வீடுகள். மேற்கே கருமாண்டிக் குளம் நிறைந்து மதகைத் தூக்கினால் தண்ணீர் நேராக அந்த வீதிக்குத்தான் வரும். தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஐப்பசி மழையில் தூக்கினார்கள். தூக்குவதற்கு முன்னால் குளத்து மேட்டு வயர்லெஸ்காரர் ஊருக்குள் இருந்த கண்ட்ரோல் ரூமுக்குச் சேதி சொன்னார். அந்தச் சேதி, டீக்கடை வேலுமணி பாட்டுத் தேடித் திருகிக்கொண்டிருந்த ரேடியோவிலும் விழுந்து தொலைத்தது. வேலுமணி கடையைச் சாத்திவிட்டு வீதியில் இறங்கிக் கத்தினார். வீதி மொத்தமும் சட்டி பானை, ஆடு கோழியோடு கிளம்பி, மேட்டில் இருந்த மில் வாசலுக்குப் போய் நின்றுகொண்டது.

அதிகாரிகள் படகு, கயிறு, பொட்டலச் சோறு, போட்டோகிராபர் சகிதமாக வந்து பார்த்தால் வெள்ளம் இருக்கிறது, மக்கள் இல்லை. மில் வாசலில் இருக்கிறார்கள், ஆனால் ஒருவரும் நனையவில்லை. நனையாதவனை எப்படி மீட்பது? போட்டோகிராபர் தண்ணீரை மட்டும் படம் பிடித்துக்கொண்டு போனார். பொட்டலச் சோறு ஊசிப்போனது. மேலிடத்திலிருந்து காட்டமாகக் கேட்டார்கள்: அரசாங்கம் எச்சரிக்கும் முன்பே பொதுமக்கள் எச்சரிக்கை அடைந்தது எப்படி? ஒரு உயிர்கூடப் போகவில்லையே என்று சந்தோஷப்பட அங்கே ஒரு ஆத்மாவுக்கும் தோன்றவில்லை.

இந்த அவமானத்துக்குப் பரிகாரமாகப் பிறந்ததுதான் பாதுகாக்கப்பட்ட வானலைக் கோட்டம். வேலுமணியின் ரேடியோவைப் பறிமுதல் செய்தது அதன் முதல் பணி. அதன் தலைவராக வந்தவர் செயற்பொறியாளர் வரதராஜுலு. கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். வேலையை விட்டு நீக்குகிற ஆளிடம்கூட "காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுத்தான் நீக்குவார். 'ங்க' போடாமல் அவர் நாயைக்கூடத் துரத்தியதில்லை.

திறப்பு விழாவில் அவர் தன் திட்டத்தை விளக்கினார்.

"ஒத்தை ஏரியல நட்டு வெச்சா அது ஊருக்கே பேசுமுங்க. வாயடக்கமே கெடையாது. அதனால கொளத்து மேட்டுல நாலு ஏரியல வரிசையா நட்டிருக்கறோம். நாலும் ஒரே தாளத்துல பேசறப்ப, பேச்சு மொத்தமும் ஒண்ணு சேர்ந்து ஒரே ஒரு எடத்துல வந்து உழுகுமுங்க. அந்த எடம் நம்ம கண்ட்ரோல் ரூம். அதோட உடறதில்லீங்க. எதிரி எங்க உக்காந்திருக்கானோ, அந்த எடத்தப் பாத்து இரைச்சலயும் சேத்து அனுப்பிச்சுப் போடுவோம். அவன் காதுல உஸ்ஸுன்னு ஒரு சத்தம்தான் கேக்கும்."

"எதிரி யாருங்க?" என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார்.

"அதைத்தானுங்க இப்பத் தேடிட்டு இருக்கறோம்" என்றார் வரதராஜுலு.

விதிகள் அச்சாகி வந்தன. வெள்ளச் சேதியை டெலிபோனில் சொல்லக் கூடாது, குறுக்குப் பேச்சில் கசிந்துவிடும். சேதி கிடைத்தது என்று கண்ட்ரோல் ரூம் திருப்பிச் சொல்லக் கூடாது, அங்கே இருப்பது ஒற்றை ஏரியல், ஊருக்கே கேட்டுவிடும். பதில் வராமல் இருப்பதே சேதி போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி என்று கொள்ள வேண்டும். இதை எழுதியவர் கையில் பேனா எப்படி நின்றதோ தெரியவில்லை, கீழே மூன்று பேர் கையெழுத்தும் போட்டிருந்தார்கள்.

எல்லாம் தயார். எதிரி மட்டும் கிடைக்கவில்லை. ஒட்டுக்கேட்க ஒருத்தன் இருந்து, அவன் கேட்க முடியாமல் தோற்றால்தானே ரகசியம் ஜெயித்ததாகும்? கோட்டத்து வாசலில் விளம்பரம் ஒட்டினார்கள். ஒட்டுக்கேட்பவர் தேவை, தற்காலிகப் பணி, உள்ளூர்க்காரருக்கு முன்னுரிமை. ஒரு மாதம் ஈயும் மொய்க்கவில்லை. பிறகு அப்துல் நாசர் வந்தார்.

நாசர் பள்ளத்து வீதிக்காரர். மில்களில் கழித்துப்போட்ட பஞ்சை வாங்கி மெத்தை தைத்து விற்பவர். ஒட்டுக்கேட்பது அவர் சுபாவமே இல்லை. நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால் இரண்டு அடி தள்ளி நின்று, கூப்பிட்டால்தான் கிட்டே போவார். ஆனால் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. அவர் மனைவி பக்ருன்னிசா பஸ் படியில் தவறி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர். எலும்பு கூடியது, நடை திரும்பவில்லை. முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்தபடியே பஞ்சு பிரிப்பார், வீதியில் போகிறவர்களோடு ஜன்னல் வழியாக வாயாடுவார். அவரை வெளியே கொண்டுபோக வேண்டுமானால் ஆட்டோவை வீதி முனைக்கு வரவழைத்து, நாலு பேரைக் கூப்பிட்டுக் கட்டிலோடு தூக்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். போன வருஷம் அந்த நேரத்தைக் கொடுத்தது வேலுமணியின் ரேடியோ. இனிமேல் யார் கொடுப்பார்கள்?

"கேக்கறதுக்குன்னே ஒரு ஆள வெக்கிறாங்களாம். அந்த ஆளு நானா இருந்துட்டா, தண்ணி வர்றது முந்தியே தெரிஞ்சுபோகுமில்ல?" என்று நாசர் மனைவியிடம் சொன்னார்.

"திருட்டுத்தனத்துக்கு வேலை குடுக்கறாங்களா? நல்ல கவர்மெண்டு. சரி, போயிட்டு வாங்க" என்றார் பக்ருன்னிசா.

நேர்காணலில் வரதராஜுலு எழுந்து நின்று வரவேற்றார். காப்பி வந்தது.

"இதுக்கு முந்தி ஒட்டுக்கேட்ட அனுபவம் இருக்குதுங்களா?"

"இல்லீங்க சார்."

"பரவால்லைங்க, பழகிக்கலாம். ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்குங்க. நாங்க பேரப் பாத்து உங்கள எடுக்கலீங்க. எடுத்ததுக்கப்புறம் பாத்தா பேரும் பொருத்தமா அமைஞ்சுபோச்சு. அதுக்கு நாங்க என்ன பண்றது?"

நாசர் காப்பித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று வரதராஜுலுவுக்குத் தோன்றியிருக்க வேண்டும், இன்னொரு காப்பி சொன்னார்.

அடுத்தது சான்றிதழ். அரசு வேலைக்கு நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டும். ஆனால் எதிரிக்கு நன்னடத்தை இருந்தால் எதிரி எப்படி? ஆகவே நடத்தை சரியில்லை என்று கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். அலுவலர் அங்கப்பன் அரை நாள் தவித்தார்.

"பாய், உங்க கல்யாணத்துக்கு நான் வந்து பிரியாணி சாப்ட்டிருக்கறேன். கெட்டவர்னு என் கையால எப்படிங்க எழுதறது?"

"எழுதுங்க, பரவால்லைங்க. ஊட்டுல கஷ்டம்."

கடைசியில் அங்கப்பன் இப்படி எழுதிக் கொடுத்தார்: இவர் நல்லவர், ஆயினும் கோட்டத்தின் வேண்டுகோளுக்கிணங்கக் கெட்டவர் என்று கருதலாம். கோட்டம் அதை ஏற்றுக்கொண்டது. நாசர் இரண்டு உறுதிமொழிகள் எடுத்தார். அரசின் ரகசியத்தை உளமார ஒட்டுக்கேட்பேன் என்பது முதலாவது. கேட்டதை எவரிடமும் சொல்லமாட்டேன் என்பது இரண்டாவது. வரதராஜுலு கைதட்டினார். நாசருக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் தட்டினார்.

எதிரி எங்கே உட்கார வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். எதிரியின் இருப்பிடம் துல்லியமாகத் தெரிந்தால்தான் அந்தத் திசைக்கு இரைச்சலைக் குறிவைக்க முடியும். கணக்கு, விண்ணப்பத்தில் நாசர் கொடுத்திருந்த முகவரியிலேயே வந்து முடிந்தது. ஆட்கள் வந்து அவர் வீட்டு முன்னறையில், பக்ருன்னிசாவின் கட்டிலுக்கு ஒரு எட்டு தள்ளி, தரையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு வட்டம் போட்டார்கள். வட்டத்துக்குள் கோட்டத்தின் ரேடியோப் பெட்டி ஒன்று வைத்தார்கள், பக்கத்தில் நாசர். பெட்டி நாள் முழுக்க உஸ் என்றது.

"என்னமோ பாம்பு வளர்க்கற மாதிரி இருக்கு" என்றார் பக்ருன்னிசா.

நாசருக்கு மனசு இடிந்துபோனது. எதைக் கேட்கலாம் என்று வந்தாரோ அது கேட்காமல் இருப்பதற்குத்தான் தன்னை அமர்த்தியிருக்கிறார்கள் என்பது இப்போதுதான் உறைத்தது. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை அது மாறியது. மழையில் பள்ளிவாசலுக்குப் போக முடியவில்லை. பஞ்சுக் குவியல் போக அந்த அறையில் பாய் விரிக்க இருந்த ஒரே இடம் மஞ்சள் வட்டம். நாசர் பெட்டியைத் தூக்கி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுத் தொழ நின்றார். வட்டத்து இரைச்சலை விட்டு விலகியதும் பெட்டி வாயைத் திறந்துவிட்டது. குளத்து மேட்டு வயர்லெஸ்காரர் திருமலைசாமி பக்கத்து வீட்டில் இருந்து பேசுவதுபோல் பேசினார்: "வணக்கமுங்க. சாப்ட்டீங்களா? இங்க நல்ல மழைங்க. கொளம் பாதி நெறஞ்சிருக்குதுங்க."

விவரம் தெரியாத நாசர், மறுநாளே போய் வரதராஜுலுவிடம் இதைச் சொன்னார். நல்ல சேதி சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு போனவர். வரதராஜுலுவின் முகம் செத்துவிட்டது.

"எதிரி அசையக் கூடாதுங்க, பாய்."

"கள்ளன்னா ஒரு எடத்துல குந்தியிருப்பானுங்களா, சார்? அங்கிட்டும் இங்கிட்டும் போகத்தானுங்க செய்வான்."

"வெளிக் கள்ளன் எப்படியோ போகட்டுமுங்க. நம்ம கள்ளன் அசையக் கூடாது. எதிரி ஒத்துழைக்கலீன்னா எந்த டெக்னாலஜியும் நிக்காதுங்க. நீங்க தொழுகற நேரத்துல கொளத்துல இருந்து சேதி அனுப்பாம பாத்துக்கறது எம் பொறுப்பு."

சொன்னதைச் செய்தார். ஐந்து வேளைத் தொழுகை நேரமும் குளத்து மேட்டுக்கு அனுப்பப்பட்டு, அந்த நேரங்களில் வெள்ளம் அறிவிக்கப்படாது என்று உத்தரவானது. தண்ணீருக்கு யார் போய்ச் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

நாசரும் அதற்குள் கொஞ்சம் தேறிவிட்டார். கோட்டத்தில் வாய் திறக்காமல் வந்து மனைவியிடம் மட்டும் சொன்னார்: "மத்த நாளு பெட்டி வட்டத்துலயே கெடக்கட்டும். மழை புடிச்சா ஜன்னலுக்குத் தூக்கி வெச்சுக்கலாம். உன்னத் தூக்கறதுக்கு நேரம் கெடச்சிரும்." பக்ருன்னிசா சிரித்தார். பல மாதத்துக்கு அப்புறம் அவர்கள் இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

தொண்ணூற்றாறு ஐப்பசியில், மழை பிடித்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, சென்னையிலிருந்து தலைமைப் பொறியாளர் நரசிம்மலு ஆய்வுக்கு வந்தார். அன்று காலை நாசர் வழக்கம்போல வருகைக் கையெழுத்துப் போடக் கோட்டத்துக்குப் போனார். சென்னை ஆள் வீட்டுக்கே வந்து வட்டத்தைப் பார்த்தாலும் பார்ப்பார் என்பதால் பெட்டியை வட்டத்துக்குள்ளேயே வைத்துவிட்டுப் போனார். கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவதாகத்தான் எண்ணம்.

வரதராஜுலு அவரை வாசலில் பார்த்துவிட்டார். நாசர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நனைந்து நின்றார்.

"அட, என்னங்க வெளியவே நிக்கறீங்க? உள்ள வாங்க, உள்ள வாங்க. மழைக்கு வந்த மனுசன வாசல்ல வெச்சுப் பேசறதுங்களா?"

"இல்லீங்க சார், நான் வட்டத்துக்குப் போகோணும்."

"பெரியவரு வந்திருக்கறாருங்க. எதிரியக் கண்ணுல காட்டாம அனுப்புனா மரியாதையா இருக்குமுங்களா? ஒரு வாய் கேசரி சாப்ட்டுட்டுப் போங்க."

எங்கள் ஊர்ப் பக்கம் இந்த அழைப்பை மறுத்துவிட்டு எவனும் போய்விட முடியாது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நாசரைக் கண்ட்ரோல் ரூமுக்குள் கூட்டிப்போய், மின்விசிறிக்குக் கீழே, வயர்லெஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கையில் கேசரித் தட்டும் கொடுத்தார்கள்.

நரசிம்மலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்: "இவர்தான் எதிரி என்றால், இவர் இருக்கும் இடத்துக்குத்தானே இரைச்சல் வர வேண்டும்? விதி ஏழு என்ன சொல்கிறது?"

வரதராஜுலுவுக்கு வியர்த்துவிட்டது. உடனே குளத்து மேட்டுக்கு டெலிபோன் போட்டார். வெள்ளச் சேதிக்குத்தான் டெலிபோன் ஆகாது, நிர்வாகச் சேதிக்கு ஆகும்.

"திருமலைசாமிங்களா? எதிரி எடம் மாறியிருக்கறாருங்க. குறிச்சுக்குங்க. இப்பக் கண்ட்ரோல் ரூம்ல இருக்கறாரு. இரைச்சல இந்தப் பக்கமாத் திருப்புங்க."

"சார், சேதி வாங்கற நம்மாளும் அங்கதானுங்க இருக்கறாரு?"

"விதி என்னங்க சொல்லுது? எதிரி எங்கயோ, இரைச்சல் அங்க."

திருமலைசாமி திருப்பினார். கண்ட்ரோல் ரூம் பெட்டி ஹோவென்று இரைய ஆரம்பித்தது. மேஜை மேலிருந்த தம்ளர் அதிர்ந்தது. நரசிம்மலு நெடுநேரம் கண்ணை மூடிக் கேட்டார்.

"நானும் எத்தனையோ கோட்டங்களைப் பார்த்திருக்கிறேன். எங்கேயும் ஏதாவது ஒரு சொல்லாவது புரிந்துவிடும். இங்கே எதுவுமே புரியவில்லை. இதுதான் பூரணமான பாதுகாப்பு."

எல்லோரும் கைதட்டினார்கள். வெளியே மழை கொட்டியது. நாசர் எழுந்தார்.

"சார், மழை நெம்பப் புடிச்சுக்கிச்சுங்க. ஊட்டுல அவ தனியா இருக்கறா. நான் வாரேனுங்க."

"உக்காருங்க பாய். தண்ணி தொறந்தா லோகத்துலயே மொதல்ல தெரியற எடம் இதுதானுங்க. இங்க உக்காந்துட்டு நீங்க பயப்படலாமுங்களா? காப்பி வருது."

அது நியாயமாகத்தான் பட்டது. இதைவிட நல்ல இடம் வேறு எது? சேதி வந்தால் இந்தப் பெட்டிக்குத்தான் வரும், தான் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நாசர் உட்கார்ந்தார். காப்பி குடித்தார். ஆற அமரக் குடித்தார்.

அதே நேரம் பள்ளத்து வீதியில் நடந்ததை, பக்கத்து வீட்டுச் சென்னியம்மாள் பிற்பாடு நாசரிடம் அழுதுகொண்டே சொன்னார்.

இரைச்சல் கண்ட்ரோல் ரூமுக்குத் திரும்பியதும், மஞ்சள் வட்டத்துப் பெட்டி சுத்தமாக வாய் திறந்தது. "வணக்கமுங்க. சாப்ட்டீங்களா? கொளம் நெறஞ்சிருச்சுங்க. மதகெல்லாம் தூக்கப் போறோமுங்க. சனத்த மேட்டுக்கு அனுப்பிச்சுருங்க." திருமலைசாமி திரும்பத் திரும்பச் சொன்னார். பதில் வரவில்லை. பதில் வராததால் சேதி போய்ச் சேர்ந்தது என்று விதிப்படி முடிவு செய்து மதகைத் தூக்கினார்.

அந்தச் சேதியைக் கோவை மாவட்டத்திலேயே முழுதாகக் கேட்ட ஒரே உயிர் பக்ருன்னிசா. கட்டிலில் இருந்தபடியே எவர்சில்வர் தட்டை எடுத்து ஜன்னல் கம்பியில் அடி அடியென்று அடித்தார். வீதி வெளியே வந்தது. "மதகு தூக்கறாங்களாம், எல்லாரும் மேட்டுக்குப் போங்க" என்று தொண்டை கிழியக் கத்தினார். வேலுமணி பாய்லரை எடுத்துக்கொண்டு ஓடினார். சென்னியம்மாள் இரண்டு குழந்தைகளையும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"பாயம்மா, நாலு பேரக் கூப்புடறேன். கட்டிலோட தூக்கிப்போடலாம்."

"வேண்டாம் அம்மணி. நீ கொழந்தைகளக் கூட்டிட்டுப் போ. கையெழுத்துப் போடப் போன எங்க ஊட்டுக்காரரு இன்னும் அந்த ஆபீசுலதான் இருக்கறாரு. எனக்கே தெரிஞ்சுபோச்சுன்னா அவருக்குத் தெரியாம இருக்குமா? ஆட்டோவோட வந்துட்டே இருப்பாரு."

"அவரு வர்றப்ப வரட்டும். நீங்க மொதல்ல வாங்க."

"அவரு வந்து என்னக் காணோம்னா தண்ணிக்குள்ள எறங்கித் தேடுவாரு. அந்த மனுசனுக்கு நீச்சல் தெரியாது. நீ போ."

சென்னியம்மாள் போனார். வீதியில் ஒருவர் பாக்கியில்லாமல் மில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த வருஷமும் மீட்பதற்கு ஆளில்லை. இருந்த ஒருத்தியையும் எவரும் மீட்கவில்லை.

நாசருக்கு விஷயம் தெரிந்தது பஜ்ஜி வந்த பிறகு. வாய்க்கால் பாலம் முழுகிவிட்டது என்று ஒரு சைக்கிள்காரர் வாசலில் கத்திக்கொண்டு போனார். நாசர் தட்டை எறிந்துவிட்டு ஓடினார். கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கியவரை மில் வாசலில் நின்றவர்கள் சேர்ந்து இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். தண்ணீர் வடிந்து சாயங்காலம் போனபோது கட்டில் சுவரோடு ஒதுங்கிக் கிடந்தது. பஞ்சு மொத்தமும் சேறு. அதற்குள்ளிருந்து மனைவியை அவரே எடுத்தார்.

அடக்கத்துக்கு வரதராஜுலு வந்தார். ஓரமாகக் கைகட்டி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார், நடிப்பில்லை. போகும்போது நாசரின் தோளைத் தொட்டு, "எதாச்சும் சாப்ட்டீங்களா?" என்று கேட்டார்.

பத்தே நாளில் விசாரணை வந்தது. பெண் செத்ததற்கு அல்ல. உத்தரவு வரும் முன் வெளியேறியது எப்படி என்று விளக்கம் கேட்டுப் பள்ளத்து வீதி முழுக்க நோட்டீஸ் கொடுத்தார்கள். ரகசியத்தைக் கேட்டதாகத் தெரிந்தால் ஜெயில் என்று நோட்டீஸிலேயே இருந்தது. நரசிம்மலு அதே கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். நாசரைச் சுவரோரம் உட்கார வைத்திருந்தார்கள்.

"ஏன் வீட்டை விட்டுப் போனீர்கள்?" என்று வேலுமணியிடம் கேட்டார்.

"சும்மா ஒரு நடை போய்ட்டு வரலாம்னு போனேனுங்க."

"பாய்லரோடா?"

"அது எப்பவும் கூடவே வருமுங்க."

சென்னியம்மாள் வந்தார். நாசர் நிமிர்ந்து பார்த்தார். சென்னியம்மாள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"மில்லு வாசல்ல ஒரு ஒறம்பரையப் பாக்கப் போனேனுங்க."

"வீதி முழுக்கவா?"

"வீதி முழுக்க எங்களுக்கு ஒறம்பரைங்க, சொந்தந்தானுங்க."

"யாராவது தட்டை அடித்தார்களா? கத்தினார்களா?"

சென்னியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு அதை எடுத்துவிட்டு, "எங்க காதுல எதும் உழுகலீங்க" என்றார். குழந்தைகளை வைத்துக்கொண்டு அவரால் வேறென்ன சொல்ல முடியும், அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எல்லோரும் போனதும் நரசிம்மலு குரலைத் தாழ்த்திப் பேசினார். மனிதர் இரக்கத்தோடுதான் பேசினார்.

"நாசர், நிலைமை இதுதான். அன்றைக்கு நீங்கள் இந்த அறையில் இருந்ததாகப் பதிவானால், எதிரியை நாங்களே உள்ளே கூப்பிட்டதாக ஆகும். அப்படியானால் உங்கள் வீட்டுப் பெட்டியில் ரகசியம் விழுந்திருக்கிறது. உங்கள் மனைவி அதைக் கேட்டிருக்கிறார், பிறருக்கும் சொல்லியிருக்கிறார். அது குற்றம். அவர் இல்லை, சரி. கேட்டு ஓடியவர்கள் எல்லோரும் இருக்கிறார்களே. அத்தனை பேர் மேலும் வழக்குப் போட வேண்டிவரும். குழந்தைக்காரியும் அதில் அடக்கம்."

"இல்லீன்னா?" என்று நாசர் கேட்டார்.

"இல்லையென்றால், நீங்கள் வட்டத்துக்குள்ளேயே இருந்தீர்கள். இரைச்சல்தான் கேட்டது. ரகசியம் கசியவே இல்லை. மக்கள் தற்செயலாகப் போனார்கள். நடந்தது இயற்கைச் சீற்றம்."

நாசர் அதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார்.

"அப்படீன்னா நான் அவ பக்கத்துலயே இருந்திருக்கறேன். இருந்தும் அவள உட்டுப்போட்டு நான் மட்டும் எந்திரிச்சு ஓடியிருக்கறேன். அப்படித்தானுங்களே ஆகுது?"

வரதராஜுலு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஆகுமுங்க. ஆனா அதுக்குக் கேஸ் கெடையாதுங்க."

காப்பி வந்து ஆறியது. நாசர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவர் மனசுக்குள் ஓடியது வழக்கோ வீதியோ அல்ல. தட்டை அடித்து ஓய்ந்த பிறகு, வீதி காலியான பிறகு, தண்ணீர் வாசற்படி ஏறுகிற வரைக்கும் அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்த நேரம். அந்த நேரத்தை அவரால் நினைக்கவும் முடியவில்லை, நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

"எழுதிக்குங்க" என்றார் நாசர். "நான் வட்டத்துலதான் இருந்தேன். ஆனா ஓடுனேன்னு எழுத வேண்டாமுங்க. அவ கட்டில் பக்கத்துல, அவ கையப் புடிச்சுட்டு, கடைசி வரைக்கும் உக்காந்திருந்தேன்னு எழுதுங்க. தண்ணி என்ன மட்டும் உட்டுட்டுப் போயிருச்சுன்னு எழுதிக்குங்க."

"கையப் புடிச்சதெல்லாம் ரிப்போர்ட்டுக்கு வேண்டியதில்லீங்களே, பாய்" என்றார் வரதராஜுலு மெதுவாக.

"வேணுமுங்க. உங்களுக்கு ரகசியம் வேணும், எழுதிக்கிறீங்க. எனக்கு இது வேணும். ஒரு காகிதத்துலயாவது அவ தனியா இருந்திருக்கக் கூடாது."

வரதராஜுலு எழுதினார். நாசர் கையெழுத்துப் போட்டார்.

அறிக்கை சென்னையில் ஏற்கப்பட்டது. சோதனை முழு வெற்றி என்றும், எதிரியின் ஒத்துழைப்பு பாராட்டத்தக்கது என்றும் பதிவானது. ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் சிவப்பு மையில் அடித்திருந்தார்கள். வட்டத்துக்குள் அமர்ந்திருக்கும் ஒருவர் கட்டிலில் இருப்பவரின் கையைப் பிடிப்பதாக இருந்தால் அவருடைய கை வட்டத்துக்கு வெளியே நீண்டிருக்க வேண்டும், எதிரி வட்டத்தைத் தாண்டவில்லை என்பதே அறிக்கையின் முடிவு, ஆகவே அவர் கையைப் பிடித்திருக்க இயலாது என்று ஓரத்தில் காரணம் எழுதியிருந்தது.